சுவருக்குள் ஒரு சாட்சி!

"கயித்தை அவுக்காதீங்க!"

கத்திக்கொண்டே ஓடி வந்தாள் அவள்.

எரிந்து கிடந்த போர்க்கப்பலில் இருந்து துறைமுக மேடைக்குப் போட்டிருந்த பலகையை உருவப் போன கடைசி வினாடியில்... ஒரே தாவல்!

வெள்ளைச் சீருடை முழுக்கக் கரி. முகத்தில் கரி. மூக்கு நுனியில் கரி. கையில் ஒரு டார்ச்.

கப்பலுக்கு முன்னால் இழுவைப் படகு புகை கக்கி உறுமிக்கொண்டிருந்தது. கப்பலைக் கரையோடு கட்டியிருந்த கயிறுகளை எல்லாம் அவிழ்த்தாகி விட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதையும் இரும்புக் குற்றியிலிருந்து கழற்ற இரண்டு மாலுமிகள் குனிந்தார்கள்.

அவள் யோசிக்கவில்லை.

குற்றியின் மேல் ஏறி, கயிற்றின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து விட்டாள்!

"மேடம்! எந்திரிங்க! படகு இழுத்தா காலு போயிடும்!"

"போகட்டும். இன்னொண்ணு இருக்கு."

மாலுமிகள் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒரு மீசை வந்தது. மீசைக்குப் பின்னால் மனிதர் வந்தார்.

கப்பலின் தீயணைப்புப் பிரிவுத் தலைவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். 'மீசை' என்றால்தான் துறைமுகத்தில் தெரியும்.

"இந்தக் கப்பல் எந்த நிமிஷமும் சாயும்னு நானே ரிப்போர்ட் குடுத்திருக்கேன். உள்ள போகக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கேன். யாரைக் கேட்டு உள்ள போனீங்க?"

"உங்க போர்டைப் பார்த்துத்தான் போனேன். இவ்வளவு பெருசா எழுதியிருக்காங்களே, உள்ள ஏதோ இருக்கும் போலன்னு தோணிச்சு."

"இது உடைக்கிற இடத்துக்குப் போற கப்பல்!"

"எனக்கு இது சாட்சி. சாட்சியை உடைக்க விட மாட்டேன்."

பின்னால் நின்ற மாலுமிகளில் ஒருவன் காறித் துப்பினான். துப்பியது தரையில்தான். ஆனால் அவள் ஷூவுக்கு ரொம்பப் பக்கத்தில்.

"தீப்பெட்டி!" என்றான் இன்னொருவன், அவள் காதில் விழும்படி.

அவளுக்குப் பழகிப் போன பெயர்.

அவள் கடற்படையின் சட்டப் பிரிவு லெஃப்டினென்ட். சொந்தக் கப்பலுக்கே தீ வைத்தான் என்று பிடிக்கப்பட்ட மாலுமிக்காக வாதாடு என்று மேலிடம் அவளை நியமித்திருந்தது. அன்றிலிருந்து உணவுக்கூடத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகிவிடும். வீட்டுக் கதவில் யாரோ ஒரு முழு தீப்பெட்டியையே பசை போட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஜீப் ஒன்று சீறி வந்து நின்றது. இறங்கியவர் கமாண்டர். எதிர்த்தரப்பு வக்கீல். மடிப்புக் கலையாத சீருடை. மடிப்புக் கலையாத சிரிப்பு.

"என்னம்மா இது? வழக்கு தோத்தா அழுவாங்க, பார்த்திருக்கேன். நீ முட்டையை அடைகாக்குற கோழி மாதிரி உக்காந்திருக்கே!"

"முட்டை இல்ல சார். ஒருத்தனோட ஆயுசு. இன்னிக்குத் தீர்ப்பு. தப்பாப் போச்சுன்னா அவன் சாகுற வரைக்கும் ஜெயில்."

"தீர்ப்பு எப்பவோ தெரிஞ்சு போச்சு. எழுத வேண்டியதுதான் பாக்கி."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள அப்படி என்னத்தப் பார்த்தே?"

"ஏணியைப் பார்த்தேன்."

"ஏணியா?" கமாண்டர் வாய் விட்டுச் சிரித்தார். "பாவம்... கடைசியில ஏணியைப் பிடிச்சுத் தொங்குற நிலைமைக்கு வந்துட்டியா!"

அவள் செல்போன் அடித்தது. எடுத்தாள். கேட்டாள். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

விசாரணை மன்றத்தின் தலைவரான கேப்டனின் குரல் கரகரத்தது.

"நீங்க போன்ல அனுப்பின மனுவைப் பார்த்தேன், லெஃப்டினென்ட். விசாரணை முடியிற வரைக்கும் கப்பல் ஒரு அடி நகரக்கூடாது. இது உத்தரவு. அப்புறம்... கயித்து மேல உக்காந்திருக்கீங்கன்னு சொல்றாங்க. நிஜமா?"

"நிஜம் சார்."

"எந்திரிங்க. கேவலமா இருக்கு."

அவள் எழுந்தாள்.

கமாண்டரின் சிரிப்பில் முதல் மடிப்பு கலைந்தது. அதை விட வேகமாக மாறியது மீசையின் முகம். ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை... அவளைத் தவிர!

*

காவல் அறை.

ஜன்னல் இல்லை. ஒரு பெஞ்ச். பெஞ்சில் குற்றவாளி என்று ஊரே முடிவு கட்டிவிட்ட இளைஞன். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கு ஈடுகொடுக்காத உடம்பு. கப்பலில் அவன் பெயர் ஒட்டடை.

"சாப்பிட்டியா?"

"போட்டாங்க. தட்டுல எச்சில் துப்பிட்டுப் போட்டாங்க."

அவள் பல்லைக் கடித்தாள். பேச்சை மாற்றினாள்.

"அன்னைக்கு நடந்ததைத் திருப்பிச் சொல்லு."

"எத்தனை தடவை மேடம்? கப்பல் மராமத்துக்காக நின்னுட்டிருந்துச்சு. லைஃப் ஜாக்கெட் எண்ணணும், கீழ்க் கிடங்குல இருந்து எடுத்துட்டு வான்னாங்க. மேல் தளத்துல இருக்கிற ஹேட்ச் திறப்பு வழியா இறங்கினேன். எடுத்துக்கிட்டு முன்பக்கம் இருக்கிற இன்னொரு வழியா மேல வந்துட்டேன். அப்புறம்தான் பெயிண்ட் ரூம் பக்கம் புகை வந்துச்சு. அவ்வளவுதான்!"

"இறங்கும்போது கையில பெயிண்ட் கரைக்கிற தின்னர் கேன் இருந்துச்சுன்னு மீசை சொல்றாரு."

"பொய்!"

"'இந்தக் கப்பலைக் கொளுத்திட்டா எனக்கு விடுதலை'ன்னு நீ முந்தின நாள் கத்தினதை இருபது பேரு கேட்டிருக்காங்க. அதுவும் பொய்யா?"

ஒட்டடை தலையைக் குனிந்தான்.

"அது நிஜம். மாமாகூட சண்டை. எங்க அக்கா வீட்டுக்காரர். அவர்தான் என்னை இந்த வேலையில சேர்த்து விட்டாரு. எனக்குப் பிடிக்கல, போறேன்னேன். அறைஞ்சாரு. கோவத்துல கத்திட்டேன். மறுநாளே கப்பல் எரியும்னு கனவா கண்டேன்?"

மாமா. அதே கப்பலின் சமையல்காரர். அந்தத் தீயில் செத்தது அவர் ஒருவர்தான்!

"இன்னொரு விஷயம். டார்ச்."

"என்ன டார்ச்?"

"வாயில டார்ச்சைக் கவ்விட்டு இறங்கினதா மீசை சொல்லியிருக்காரு."

"ஆமா மேடம். செங்குத்து ஏணி. ரெண்டு கையும் வேணும். எல்லாரும் வாயிலதான் கவ்வுவோம்."

"ஹேட்ச்சுல கால் வைக்கும்போதே கவ்விட்டியா?"

"இல்லயே... மேல வெளிச்சம் இருந்துச்சு. பாதி ஏணி இறங்கினதும் கும்மிருட்டு. அப்பத்தான் பாக்கெட்ல இருந்து எடுத்து வாயில வெச்சேன். ஏன் மேடம்?"

அவள் விருட்டென்று எழுந்தாள்.

"மேடம்! ஏன்னு சொல்லுங்க!"

"சொன்னா உன் மூஞ்சியில தெரிஞ்சிடும். உனக்குப் பொய் சொல்லத் தெரியல. அதான் இங்க உக்காந்திருக்கே!"

*

நீதிமன்ற வராந்தாவில் அவளை ஒரு கை தடுத்தது.

ஒட்டடையின் அக்கா. செத்துப் போன சமையல்காரரின் மனைவி. கண்ணில் தண்ணீர் இல்லை. நெருப்பு இருந்தது.

"நீ ஒரு பொம்பளைதானே? என் புருஷனை எரிச்சவனைக் காப்பாத்த ஏன் இப்படி நாயா அலையற?"

"அவன் உங்க தம்பி."

"எனக்குத் தம்பி கிடையாது. தூக்குல போட்டாலும் நான் பார்க்கப் போறதில்ல."

"ஒரே ஒரு கேள்வி அக்கா. உங்க வீட்டுக்காரர் எதுக்குக் கீழ இறங்கினாரு?"

"நெருப்பை அணைக்க! உனக்குத் தெரியாது, அவரு அப்படிப்பட்டவரு!"

"அவரு சமையல்காரர். நெருப்பை அணைக்கிற ஆளுங்க எல்லாம் மேல நின்னப்ப, கரண்டி பிடிச்ச மனுஷன் மட்டும் ஏன் உள்ள ஓடினாரு?"

தடுத்த கை தானாகக் கீழே இறங்கியது.

"எனக்கும் தெரியல. ஆனா தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு." அவள் நகர்ந்தாள். "உள்ள வந்து உக்காருங்க. திட்டுறதுக்காவது வாங்க."

*

விசாரணை மன்றம்.

மேடையில் மூன்று அதிகாரிகள். நடுவில் கேப்டன், கரகரக் குரல்காரர். கீழே பெஞ்ச் முழுக்கச் சீருடைகள். அவள் உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

கூண்டில் மீசை.

"நேத்து நீங்க சொன்னதையே கேக்கறேன்," என்றாள் அவள். "தீப்பிடிச்ச அன்னைக்கு எங்க நின்னீங்க?"

"ஹேட்ச் வாசல்ல. மேல் தளத்துல."

"பெயிண்ட் ரூம் பக்கம் போனீங்களா?"

"அன்னைக்குப் பூரா போகல. பூட்டி, சாவி என் இடுப்புல இருந்துச்சு. இந்தப் பய பூட்டை உடைச்சிருக்கான்!"

"குற்றம் சாட்டப்பட்டவரை எப்படி அடையாளம் தெரிஞ்சுது?"

"மூஞ்சியைப் பார்த்தேன்! வாயில டார்ச்சைக் கவ்விட்டு இறங்கறான். வெளிச்சம் நேரா என் கண்ணுல அடிச்சுது. கண்ணே கூசிப் போச்சு! கையில தின்னர் கேன்."

"முதுகைப் பார்த்திருக்கலாமோ?"

"மூஞ்சி! எத்தனை தடவை சொல்றது? வியர்வை சொட்டினது வரைக்கும் தெரிஞ்சுது!"

"வாயில டார்ச். ஒரு கையில கேன். செங்குத்து ஏணியில ஒத்தைக் கையால இறங்கினானா? இல்ல, கேனைக் காதுல மாட்டியிருந்தானா?"

பின்வரிசையில் யாரோ க்ளுக் என்று சிரித்து, உடனே அதை இருமலாக மாற்றினார்கள்.

கமாண்டர் எழுந்தார்.

"ஆட்சேபம்! இது விசாரணையா, நையாண்டியா?"

"ரெண்டுக்கும் நடுவுல, சார்." அவள் நீதிபதிகள் பக்கம் திரும்பினாள். "கப்பல்ல வேலை செய்யற யாரும் செங்குத்து ஏணியில எப்படி இறங்குவாங்க? முகம் ஏணியைப் பார்த்து இருக்கும். முதுகு வெளியில இருக்கும். நம்ம எல்லாருக்கும் முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிக் குடுத்தது."

"அதனால?" என்றார் கமாண்டர், வரைபடத்தை விரித்தபடி. "ஏணி ஹேட்ச்சோட நடுவுல இருக்கு. சாட்சி ஏணிக்குப் பின்பக்கம் நின்னு எட்டிப் பார்த்தா முகம் நல்லாவே தெரியும். இது கப்பலோட வரைபடம். நான் வரைஞ்சதில்ல!"

"வரைபடம் சரி. கப்பல்தான் மாறிப் போச்சு! மராமத்துல அந்த ஏணியை நகர்த்தி இரும்புச் சுவரோட சேர்த்து வெல்டிங் வெச்சுட்டாங்க. காலையில என் கையால தடவிப் பார்த்துட்டு வந்தேன். ஏணிக்குப் பின்னால ஆள் நிக்க இடமே இல்ல. சுவர்தான் இருக்கு. மூஞ்சியைப் பார்க்கணும்னா சாட்சி அந்தச் சுவருக்குள்ளதான் நின்னிருக்கணும்!"

சபை சலசலத்தது.



"நம்ப மாட்டேன்," என்றார் கமாண்டர்.

"நம்ப வேண்டாம். வந்து பாருங்க. அதுக்குத்தான் கயித்து மேல உக்காந்தேன்!"

கேப்டன் மற்ற இரண்டு நீதிபதிகளையும் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள்.

"கப்பலுக்குப் போறோம். இப்பவே. சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவர், எல்லாரும். மராமத்து பார்த்த ஃபோர்மேனையும் கூப்பிடுங்க."

"சார்... கப்பல் சாயும் சார்!" மீசையின் குரல் கிறீச்சிட்டது.

"சாய்ஞ்சா நீந்துவோம்," என்றார் கேப்டன். "நாம கடற்படை. மறந்துட்டீங்களா?"

*

கப்பலின் உள்ளே பகலே இல்லை.

சுவர் எல்லாம் கருப்பு. மிதித்த இடமெல்லாம் நொறுங்கியது. தீ விசாரணைக் குழுவே மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிய இடம் அது.

ஹேட்ச். மேல் தளத்தில் ஒரு சதுரத் திறப்பு. கீழே கிணறு மாதிரி ஒரு ஒடுங்கிய குழி. அதற்குள் செங்குத்தாக ஏணி... இரும்புச் சுவரோடு ஒட்டியபடி!

கேப்டன் குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"லெஃப்டினென்ட் சொன்னது சரி. ஏணி சுவரோட இருக்கு."

ஃபோர்மேன் தலையாட்டினார். "நாங்கதான் நகர்த்தினோம் சார். வரைபடத்துல இன்னும் ஏத்தல."

"ஒருத்தர் இறங்கிக் காட்டட்டும்."

காவலர்களில் ஒருவன் நாலு படி இறங்கினான். மேலே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது முதுகு. வெறும் முதுகு. டார்ச்சைக் கவ்வச் சொன்னார்கள். வெளிச்சம் சுவரில் அடித்தது. யார் கண்ணும் கூசவில்லை!

"பார்த்தீங்களா சார்?" அவள் அவசரமாகப் பேசினாள். "சாட்சி முகத்தைப் பார்த்திருக்க முடியாது. விஷயம் முடிஞ்சு போச்சு. போகலாம் சார். இங்க நிக்கிறது ஆபத்து."

கமாண்டரின் புருவம் உயர்ந்தது.

காலையில் காலே போனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்தவளுக்கு, இப்போது என்ன ஆபத்து?

"ஏம்மா இவ்வளவு அவசரம்?"

"கீழ வேற ஒண்ணும் இல்ல சார். போகலாம்..."

"ஒண்ணும் இல்லேன்னா நானே பார்க்கறேன்."

"சார், வேண்டாம்! கரி! உங்க சீருடை..."

"நகரு!"

கமாண்டர் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஏணியில் இறங்கினார். மடிப்பெல்லாம் கரியானது. பாதி ஏணியில் நின்றார்.

நின்றவர்...

டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு உரக்கச் சிரித்தார்!

"ஓஹோ! இதை மறைக்கத்தான் இந்த அவசரமா? கேப்டன் சார்! இங்க ஏணிப் படிகளுக்கு நடுவுல, சுவர்ல ஒரு ஓட்டை! என் முகம் அளவுக்கு! நான் டார்ச் அடிச்சா வெளிச்சம் நேரா அந்தப் பக்கம் போகுது!"

"ஓட்டையா?" கேப்டன் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார்.

"ஆமா சார். பைப் விடறதுக்காக காஸ் கட்டர்ல வெட்டினோம். தீப்பிடிக்கிறதுக்கு முந்தின நாள். பைப் வரதுக்குள்ள கப்பலே போயிடுச்சு."

கமாண்டர் வெற்றியோடு மேலே ஏறி வந்தார். முகம் கருப்பு. பல் மட்டும் வெள்ளை.

"முடிஞ்சுது! என் சாட்சி பொய் சொல்லல! அந்த ஓட்டை வழியா மூஞ்சி தெரியும். டார்ச் வெளிச்சம் கண்ணுல அடிக்கும். வியர்வைகூடத் தெரியும்! அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்!"

"இல்ல சார்!"

கத்தியது அவள் இல்லை.

மீசை!

"நான் ஓட்டை வழியாப் பார்க்கல சார்! ஓட்டையே வேணாம் சார்!"

"யோவ், உன்னைக் காப்பாத்தத்தானே பேசிட்டிருக்கேன்! வாயை மூடு!"

"வேணாம் சார்... நான் பார்க்கவே இல்ல சார்... முதுகைத்தான் பார்த்தேன்... ஓட்டையை விட்டுடுங்க சார்..."

கமாண்டர் குழம்பிப் போய் நின்றார்.

கேப்டன் மெதுவாகக் கேட்டார்.

"ஃபோர்மேன்... அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"பெயிண்ட் ரூம் சார்."

"தீ ஆரம்பிச்ச இடம்!" என்றாள் அவள். "பூட்டி, சாவியைத் தன் இடுப்புல வெச்சிருந்ததா சாட்சி சொன்ன இடம். அன்னைக்குப் பூரா போகவே இல்லைன்னு சொன்ன இடம்!"

கமாண்டரின் முகத்தில் கரிக்கு அடியில் இன்னொரு கருப்பு பரவியது. ஆனாலும் விடவில்லை.

"இரு... இரு... அப்படின்னா இந்த ஒட்டடையே அந்த ஓட்டை வழியா நெருப்பைப் போட்டிருக்கலாமே!"

"ஓட்டைக்கு அந்தப் பக்கம் உங்க சாட்சியோட கண்ணு இருந்துச்சே சார். கண்ணுலயா போட்டான்? மீசை இன்னும் கருகாம இருக்கே!"

எல்லோரும் மீசையைப் பார்த்தார்கள்.

"பாதி ஏணியில, இருட்டுல, ஒட்டடை வாயில டார்ச் வெச்சதை உலகத்துல ஒரே ஒரு இடத்துல இருந்துதான் பார்த்திருக்க முடியும்," என்றாள் அவள். "பொய்ச் சாட்சி எடுபடணும்னு கொஞ்சம் நிஜத்தைக் கலந்தீங்க. கலந்ததுல கை தவறிப் போச்சு. சொல்லுங்க. பெயிண்ட் ரூமுக்குள்ள என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மீசை சுவரில் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தம், சார்..."

"என்னது?" கேப்டனின் கரகரப்பு காணாமல் போயிருந்தது.

"மேல எங்க பிடிச்சாலும் பசங்க பார்த்துடுவாங்க. புகை பிடிக்காதேன்னு எல்லாருக்கும் தண்டனை குடுக்கிறவனே நான்தான்... அதான் உள்ள போய்... திடீர்னு டார்ச் வெளிச்சம் கண்ணுல அடிச்சுது. இவன் மூஞ்சி. எங்க பார்த்துட்டானோன்னு பயந்து சிகரெட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிட்டேன். எங்க விழுந்துச்சுன்னு பார்க்கல..."

"பெயிண்ட் டின்களுக்கு நடுவுல!" ஃபோர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு முழு போர்க்கப்பல்! ஒரு தம்முக்கு!"

"அதுவும் தீயணைப்புப் பிரிவுத் தலைவர்!" என்றார் நீதிபதிகளில் ஒருவர். அதுவரை வாயே திறக்காதவர்.

ஒட்டடையின் கையில் விலங்கு கலகலத்தது.

"எங்க மாமா?" அவன் முன்னால் வந்தான். "எங்க மாமா எதுக்கு உள்ள போனாரு? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க!"

மீசை நிமிரவில்லை.

"புகை வந்தப்ப நீ இன்னும் கீழதான் இருக்கேன்னு நினைச்சேன். நீ இறங்கினதை என் கண்ணாலயே பார்த்தேனே. நான் இறங்கியிருக்கணும். கால் வரல. உன் மாமா பக்கத்துல நின்னாரு. 'உன் மச்சான் கீழ மாட்டிக்கிட்டான்'னு சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள... குதிச்சுட்டாரு. தண்ணிக் குழாய்கூட எடுக்கல."



*

துறைமுக மேடை. வெயிலில் கண் கூசியது.

மன்றம் மீண்டும் கூடும் வரை காத்திருக்காமல், கேப்டன் அங்கேயே விலங்கைக் கழற்றச் சொல்லிவிட்டார். அதே விலங்கு வேறு கைக்கு மாறியது. மீசை தலையைக் குனிந்து நடந்தபோது, மாலுமிகள் காறித் துப்பினார்கள். காலையில் துப்பிய அதே வாய்கள்தான். குறி மட்டும் மாறியிருந்தது.

ஒட்டடை பலகையில் இறங்கி வந்தான். எதிரே அக்கா. அவளுக்குச் செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

இருவரும் நின்றார்கள்.

"கடைசியா என்னடா சொன்னாரு உங்க மாமா? சண்டை போட்டப்ப?"

"'இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்'னாரு."

"சொல்லிட்டு... உன்னைத் தேடிப் போயிருக்காரு பாரு." அக்காவின் உதடு துடித்தது. "பொய்க்காரர்!"

பளாரென்று தம்பியை ஒரு அறை அறைந்தாள். அப்புறம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை நாள் வராத அழுகையை அழுதாள்.

இழுவைப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மேடம்! இப்பவாவது கயித்தை அவுக்கலாமா? காலையில இருந்து எஞ்சினை ஓட விட்டுட்டு நிக்கிறேன்!"

"அணைச்சிடுங்க. அந்தச் சுவரை வெட்டி எடுத்துக் கோர்ட்டுக்குக் கொண்டு போகணும். மீசை மேல நடக்கப் போற வழக்குல முக்கியமான சாட்சி அது. மாத்திப் பேசாது."

நடக்கத் திரும்பினாள். வழியில் கமாண்டர் நின்றிருந்தார். கரி பூசிய சீருடையோடு இப்போது அவரும் அவளைப் போலவே இருந்தார்.

"ஒரு விஷயம் கேக்கணும். காலையில நீ கப்பலுக்குள்ள போனப்ப... அந்த ஓட்டையைப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். முகத்தை ஓட்டையில வெச்சு, பெயிண்ட் ரூமையே பார்த்தேன்."

"என்ன பார்த்தேன்னு நான் கேட்டப்ப, ஏணின்னே!"

"ஏணியையும் பார்த்தேனே."

"கேப்டன் கேட்டப்பவும் ஓட்டையைக் காட்டல. போகலாம் போகலாம்னு வேற அவசரப்பட்டே. நான் இறங்கினப்பத் தடுத்தே!" அவர் குரல் உயர்ந்தது. "ஏன்? நீயே காட்டியிருக்கலாமே!"

அவள் மூக்கு நுனியில் இருந்த கரியைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் காட்டியிருந்தா, காலையில நானே உள்ள போய் வெட்டின ஓட்டைன்னு சொல்லியிருப்பீங்க சார்... அதான் உங்களையே கண்டுபிடிக்க விட்டேன்!"